அபராதம் எல்லை தாண்டுகிறது, விசாரணை தாண்டவில்லை



வெளிமாநிலத்தில் நம் வண்டிக்கு விழும் வேக அபராதத்தைப் பற்றி நம் பக்கத்தில் இரண்டு பேச்சு உலவுகிறது. "அது வேற ஸ்டேட் கேஸ் சார், இங்க ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடுங்க" என்பது ஒன்று. "உடனே கட்டிடுங்க, இல்லேன்னா லைசென்ஸ்ல ஏறிடும், அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் ரெண்டு மடங்கு" என்பது இன்னொன்று. முதல் பேச்சு பழைய காலத்துக்குச் சரி. இரண்டாவது, இன்னும் வராத காலத்தைப் பற்றியது. ஆனால் அந்தக் காலம் வரப்போகிறது. அது வருகிற விதம் சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ராஜகுளத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கர்நாடகா. திருத்தணி தாண்டினால் ஆந்திரா. வருஷத்துக்கு ஒரு முறையாவது திருப்பதி, காளஹஸ்தி. மார்கழி, தை வந்தால் சபரிமலை, குருவாயூர். பிள்ளைகள் பெங்களூரில் வேலை. நம் ஊர் வண்டிகளில் மாநில எல்லை தாண்டாத வண்டி குறைவு.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வெளிமாநிலப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால்தான் வழக்கு. ரசீது கிழித்துக் கொடுப்பார், அதோடு முடிந்தது. இப்போது நாட்டின் பெரும்பாலான வண்டிகளின் பதிவு 'வாஹன்' என்ற ஒரே கணினித் தொகுப்பில் இருக்கிறது. உரிமங்கள் 'சாரதி' என்ற தொகுப்பில் இருக்கின்றன. எந்த மாநிலத்துக் கேமரா படம் பிடித்தாலும், நம்பர் பிளேட்டை வைத்து ஆர்.சி.யில் உள்ள பெயருக்கு இ-சலான் வந்துவிடும். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களை வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்சம், அங்கேயும் கேமரா. கர்நாடகத்தில் 130-ஐத் தாண்டினால் முதல் தகவல் அறிக்கையே பதிவு செய்வோம் என்று 2024 ஆகஸ்டிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

தொகையும் பழைய தொகை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் முன்பு முதல் தடவை வேகத்துக்கு 400 ரூபாய் வரை. 2019 திருத்தத்துக்குப் பிறகு காருக்கு 1,000 முதல் 2,000 வரை, பெரிய வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாம் தடவை என்றால் உரிமத்தையே பிடித்து வைக்கலாம்.

இனி இன்சூரன்ஸ். பயப்படுகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். இன்றைய தேதியில் வேக அபராதத்தால் உங்கள் பிரீமியம் ஒரு ரூபாய்கூட ஏறாது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, அதாவது தேர்டு பார்ட்டிக்கு, மத்திய அரசே விலை நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இன்ஜினின் அளவைப் பார்க்கிறார்களே தவிர ஓட்டுகிறவரின் நடத்தையைப் பார்ப்பதில்லை. நாற்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய பெரியவருக்கும், நேற்று உரிமம் வாங்கி இன்று பறக்கிற பையனுக்கும் ஒரே கட்டணம். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில், கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அதுவும் கிளெய்மை வைத்துத்தான், அபராதத்தை வைத்து இல்லை.

ஆனால் இதை மாற்றும் யோசனை வெகுநாளாக மேஜையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த ஒரு குழு, 2021 ஜனவரியில் 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்று ஒரு புதுப் பகுதியைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று ஒரு பட்டியல். சேர்ந்த புள்ளிக்கு ஏற்பக் கூடுதல் கட்டணம். முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். 2024 செப்டம்பரில் டெல்லியின் துணைநிலை ஆளுநர் இதே இணைப்பை வலியுறுத்தி மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நம் நாட்டில் ஒரு கோப்பு இத்தனை வருஷம் மூடப்படாமல் சுற்றுகிறது என்றால், ஒரு நாள் அதில் கையெழுத்து விழும். கோப்புகளோடு வாழ்ந்தவன், எனக்குத் தெரியும்.

வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்தவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கோடு போனார். இன்று கேமராக் கண்காணிப்பைச் செயல்படுத்தும்படி மாநிலங்களை நீதிமன்றம் கேட்பது அந்த வழக்கில்தான். நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிற நாம் அந்த மருத்துவருக்குக் கடன்பட்டவர்கள். ஆபத்தாக ஓட்டுகிறவன் அதிகக் காப்பீடு கட்ட வேண்டும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

என் கேள்வி, யார் ஓட்டினார் என்பதை எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதுதான்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா என்றால் ஊரில் மனு எழுதித் தருகிறவன் என்று அர்த்தம். எங்கள் தெருவில் வாடகைக் கார் வைத்திருக்கிற ஒருவர் போன வருஷம் காகிதங்களோடு வந்தார். எஃப்.சி.க்குப் போன இடத்தில், வெளிமாநில அபராதம் இரண்டு நிலுவை, கட்டினால்தான் ஆகும் என்று திருப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே இரவில், ஒரே சாலையில், நாற்பது நிமிஷ இடைவெளியில் விழுந்தவை. பதினாலு மாதம் பழையவை. அவருக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. காரணம், வண்டி வாங்கிக் கொடுத்த புரோக்கர் ஆர்.சி.யில் தன் செல்போன் எண்ணையே போட்டுவிட்டிருந்தார். "சார், அன்னிக்கு நான் வண்டியிலயே இல்ல சார். மாமியார் காரியத்துக்குப் போயிட்டேன். ஆக்டிங் டிரைவரைத்தான் அனுப்பினேன்" என்றார். அந்த டிரைவர் இப்போது எங்கே என்று கேட்டேன். "துபாய் போயிட்டான் சார்."

எதிர்த்து மனு போடலாமா என்று பார்த்தோம். இணையவழி நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. அபராதத்தைக் கட்டுவதாக இருந்தால் வீட்டிலிருந்தே ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். 'எதிர்க்கிறேன்' என்று தேர்ந்தெடுத்தால், வழக்கு அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே நேரில் போக வேண்டும், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்று வாய்தா என்று வைத்துக்கொண்டால் பஸ், சாப்பாடு, வக்கீல், மூன்று நாள் சவாரி இழப்பு. எல்லாம் கூட்டினால் அபராதத்தைப் போல் ஐந்து மடங்கு. அவர் இரண்டாயிரம் ரூபாய் கட்டினார். வேறு என்ன செய்வார்?

இரண்டாயிரம் போனதோடு முடிந்தால் சரி, தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் புள்ளிக் கணக்கு வந்தால்? அந்தக் குழுவின் பரிந்துரைப்படி, யார் ஓட்டியிருந்தாலும் பொறுப்பு வண்டியின் உரிமையாளருக்குத்தான். வண்டியில் இல்லாத மனிதர் ஆபத்தான ஓட்டுநர் என்று கணக்கில் ஏறுவார், அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டுவார். உண்மையாகவே பறந்தவன் உரிமம் துபாயில் சுத்தமாக இருக்கும். இதனால் எந்தச் சாலையில் எந்த விபத்து குறையும்?

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. 183-ஆம் பிரிவு தண்டிப்பது ஓட்டியவரையும், ஓட்ட வைத்தவரையும். நம்பர் பிளேட்டை அது தண்டிக்கவில்லை. அதே சட்டத்தின் 133-ஆம் பிரிவு, ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரத்தை அதிகாரி கேட்டால் உரிமையாளர் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. ஆக, கேட்பதற்கு அதிகாரம் இருக்கிறது. கேட்பதில்லை. இரண்டு வரிக் கேள்வி அது: 'ஓட்டியவர் யார்? உரிம எண் என்ன?' கேட்டால் பதிலைச் சரிபார்க்க வேண்டும், ஆளைத் தேட வேண்டும், வேலை கூடும். கேட்காவிட்டால் பணம் தானாக வந்துவிடும்.

கேமரா அபராதத்துக்கென்றே 2021 ஆகஸ்டில் 167-ஏ என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். நல்ல விதி. தவறு நடந்த பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். தெளிவான படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்க வேண்டும். கேமரா இருப்பதைச் சாலையில் பலகை வைத்துச் சொல்ல வேண்டும். விதி எழுதியவரை நான் கும்பிடுகிறேன். ஆனால் அனுப்பிய அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பினால், ஒப்புகை அட்டை திரும்பி வந்து கோப்பில் தைக்கப்படும் வரை அடுத்த குறிப்பு எழுத முடியாது. சார்வு ஆகாத நோட்டீஸ் நோட்டீஸே இல்லை. இன்றைக்குப் புரோக்கரின் செல்போனுக்குப் போன குறுஞ்செய்தியும் 'அனுப்பப்பட்டது' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். தெலங்கானாவில் 2022 மார்ச்சில் இருசக்கர வண்டிக்கு 75 சதவீதம், காருக்கு 50 சதவீதம். ஆடித் தள்ளுபடி மாதிரி விற்றுத் தீர்த்த அபராதம் இது. கட்டியவர்களில் எத்தனை பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினார்கள், எத்தனை பேர் 'கால் விலைதானே, தொலையட்டும்' என்று கட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அரசு தானே விலை பேசி வசூலித்த தொகையை, பிறகு ஒரு மனிதனின் நடத்தைச் சான்றாக எடுத்துக் காப்பீட்டுக் கம்பெனியிடம் கொடுக்கலாமா? ஒன்று, அது நிலுவைத் தொகை. இல்லையென்றால், அது நிரூபிக்கப்பட்ட குற்றம். இரண்டுமாக இருக்க முடியாது.

மற்ற நாடுகளில் எப்படி என்று பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கூடப் படித்த பலர் பாரிஸ் பக்கம் குடியேறி அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவர்கள் வழியாகத்தான் அந்த ஊர் நடப்பைத் தெரிந்துகொள்கிறேன். பிரான்சில் 1992 ஜூலையிலிருந்து புள்ளி உரிமம். ஒருவருக்கு 12 புள்ளி. தப்புச் செய்யச் செய்யக் குறையும், பூஜ்யமானால் உரிமம் போய்விடும். அங்கேயும் கேமரா படம் பிடித்தால் வண்டிக்காரர் வீட்டுக்குத்தான் கடிதம் வரும். ஆனால் அந்தக் கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு: 'நான் ஓட்டவில்லை, இன்னார் ஓட்டினார்' என்று எழுதி அனுப்ப. ஓட்டியவர் யார் என்று தெரியாமல் போனால், பணத்தை உரிமையாளர் கட்ட வேண்டும், புள்ளி மட்டும் அவரிடம் குறையாது. பணம் வண்டியோடு போகிறது, புள்ளி ஆளோடு போகிறது. எவ்வளவு எளிய நியாயம்!

அங்கே காப்பீட்டுக்கு 'போனுஸ்–மாலுஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. விபத்தில்லாத வருஷத்துக்கு ஐந்து சதவீதம் குறையும். முழுப் பொறுப்பும் நம்முடையது என்று ஆன விபத்துக்கு இருபத்தைந்து சதவீதம் ஏறும். அந்தக் கணக்கில் வேகச் சீட்டு சேராது. குடித்துவிட்டு விபத்து செய்தவர், உரிமம் முடக்கப்பட்டவர் போன்றோருக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. ஐரோப்பிய நாடுகளுக்குள் எல்லை தாண்டிய அபராதத்துக்கு 2015-இல் ஒரு பொது ஏற்பாடு செய்தார்கள். அதன்படி அறிவிப்புக் கடிதம், வண்டிப் பதிவுச் சான்று எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் போக வேண்டும். ஜெர்மன்காரருக்கு ஜெர்மனில் எழுத பிரெஞ்சுக்காரரால் முடிகிறது. நம் தெருக்காரருக்கு வந்த சலானில் அவருக்குப் புரிந்தது நம்பரும் தொகையும் மட்டுமே.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வாசகர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே வெளிமாநில வேகச் சீட்டு சொந்த மாநிலத்து ஓட்டுநர் பதிவில் ஏறும், காப்பீட்டுக் கம்பெனி அதைப் பார்த்து விலை சொல்லும். உண்மைதான். நியூஜெர்சிக்காரர் வெளிமாநிலத்தில் மாட்டினால் இரண்டு புள்ளி. ஆனால் பக்கத்து நியூயார்க், அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் வாங்கிய சாதாரண வேகச் சீட்டுக்குப் புள்ளி போடுவதில்லை. கவனிக்க வேண்டியது, அங்கே புள்ளி சேர்வது பெரும்பாலும் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, ஓட்டியவரின் உரிமத்தைப் பார்த்து எழுதிய சீட்டுக்கு. நியூயார்க்கில் கேமரா சீட்டுக்கு உரிமையாளர் பணம் கட்ட வேண்டும், புள்ளி கிடையாது. பிரான்சும் அமெரிக்காவும் எதிலும் ஒத்துப்போகாத தேசங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், சபைப் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்வுக்கு நிற்கக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். தகுதி இழப்பு என்பது ஆளுக்கு. குடத்தில் போட்ட ஓலையிலும் ஆளின் பெயரைத்தான் எழுதினார்கள், அவன் வீட்டு மாட்டுவண்டியின் அடையாளத்தை எழுதவில்லை.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். 'கோடிக்கணக்கான சலான், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா?' முடியாது. அதனால்தான் சொல்கிறேன், விசாரிக்க முடியாததை அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆளின் பதிவிலும் காப்பீட்டிலும் ஏற்றாதீர்கள். 'வண்டியை யாரிடம் கொடுக்கிறோம் என்று உரிமையாளருக்குப் பொறுப்பு வேண்டாமா?' வேண்டும். அதற்குத்தான் அவர் பணம் கட்டுகிறார். அதற்கு மேல் செய்யாத குற்றத்துக்குப் பெயரையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

என் கோரிக்கைகள் நான்கு. மனு மாதிரியே எழுதிவிடுகிறேன், பழக்க தோஷம்.

ஒன்று, ஒவ்வொரு கேமரா சலானோடும் ஓட்டியவர் விவரம் கேட்கும் படிவம் வர வேண்டும். இரண்டு, எதிர்ப்பு மனுவை வண்டிக்காரர் தன் தாலுகா நீதிமன்றத்திலிருந்தே காணொலியில் நடத்த வழி வேண்டும். எந்த ஊரிலிருந்தும் பணம் வாங்க முடிகிற கணினிக்கு, எந்த ஊரிலிருந்தும் பதில் கேட்கவும் முடியும். மூன்று, அறிவிப்பு வண்டிக்காரரின் மொழியில், பதிவு முகவரிக்குத் தபாலிலும் வர வேண்டும். நான்கு, இந்த மூன்றும் நடக்கும் வரை எந்த அபராதத்தையும் காப்பீட்டுக் கட்டணத்தோடு இணைக்கக் கூடாது. இணைக்கும்போதும் ஓட்டுநரின் உரிமத்தோடுதான் இணைக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஆர்.சி.யில் உங்கள் செல்போன் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பேரப் பிள்ளைகளை விட்டு அரசின் 'பரிவாஹன்' இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று வருகிற கோப்பைத் தொடவே வேண்டாம். அப்படித் தொட்டுப் பணம் இழந்தவர்கள் உண்டு. வண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்தால், தேதி, நேரம், அவர் பெயர், உரிம எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நெருங்கின உறவாக இருந்தாலும் வாங்குங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இத்தனையும் செய்து, விழுந்த அபராதம் உங்களுடையதுதான் என்றால் உடனே கட்டிவிடுங்கள். எஃப்.சி., பெயர் மாற்றம் என்று போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

இந்த இணைப்பு யோசனை மறுபடி செய்தியில் வரும்போது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு அறிவிப்பும் வரும். 2021-லும் அப்படிக் கருத்துக் கேட்டார்கள். நம் மாதிரி ஊர்களிலிருந்து பதில் போகாவிட்டால், பெரிய நகரத்து ஆட்களின் கருத்தே கருத்தாகிவிடும். மேலே உள்ள நான்கு கோரிக்கைகளை அப்படியே காப்பி எடுத்து, கீழே உங்கள் பெயரைப் போட்டு அனுப்பலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதத் தெரியாதவர்கள் ராஜகுளத்தில் என் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.